ஏழாம் எண் மேசையில் ஒரு பச்சைத் துண்டு

ஜனவரி 3, புதன்

இந்த நாட்குறிப்பு வேதியியல் துறைக்கு ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. எனக்கும் வேதியியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தத் துறை ஆய்வாளர் ஒருவனின் வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்டேன், நன்றிக்குக் கொடுத்தான்.

பிற்காலத்தில் என் வாழ்க்கை வரலாற்றை எழுத வருகிறவர்களுக்காக விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். பெயர் தில்லைநாயகி. வயது முப்பத்தொன்று. சமூகவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளர், ஆறாம் ஆண்டு. ஆய்வுத் தலைப்பு: பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிட்டு நிதானமாகப் படியேறி வருகிறார். அதுவரை அந்த இடத்தை ஒரு பேருந்தே காலியாக வைத்திருக்கிறது. காவலும் இல்லை, ரசீதும் இல்லை. இதைப் பற்றி இருநூற்றுப் பதினான்கு பேரிடம் பேட்டி எடுத்திருக்கிறேன். ஐந்து இயல்கள் எழுதியாகிவிட்டது. ஆறாவதும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

என் பதிவு பிப்ரவரி 29-ஆம் தேதியோடு காலாவதி. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆறு வருடமும் அம்போ. லீப் வருடம் என்பதால் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அவசரமே இல்லை.

ஜனவரி 4, வியாழன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒருவர் டாக்டர் ஆவதற்கு முன் பொதுமக்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு நடக்க வேண்டும். பொதுமக்கள் என்றால் பக்கத்துத் துறை ஆய்வாளர்கள். ஸ்நாக்ஸ் பெட்டி உண்டென்றால் வருவோம். கடைசியில் வெளியூர்த் தேர்வாளர், "அவையிலிருந்து யாராவது கேள்வி கேட்கலாம்" என்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் அவருக்கு மரியாதை இல்லை. உண்மையான கேள்வி வந்துவிட்டாலோ மாட்டிக்கொண்டவருக்கு நிம்மதி இல்லை. அதனால் கேள்விகளை முன்கூட்டியே எழுதி மடித்து ஆளுக்கொரு தாளாகக் கொடுத்துவிடுவார்கள். பதில் மனப்பாடமாக இருக்கும்.

அந்தத் தாள்களை எழுதுகிற ஆள் நான்தான், எந்தத் துறையாக இருந்தாலும். என் கேள்விகள் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், யாரையும் கடிக்காது. மீறி எவராவது கடித்துவிட்டால் தப்பிக்க இரண்டு வாக்கியங்களும் கற்றுக்கொடுக்கிறேன். ஒன்று, "அது என் ஆய்வின் எல்லைக்கு வெளியே வருகிறது." இன்னொன்று, "அது மேற்கொண்டு ஆய்வு செய்யப்பட வேண்டிய பகுதி." இந்த இரண்டை வைத்துக்கொண்டே முப்பத்தேழு பேர் டாக்டர் ஆகியிருக்கிறார்கள்.

இன்று பொருளியல் துறை. ஜாங்கிரி, சமோசா, மிக்சர். சமோசா ஆறிப்போயிருந்தது. பத்துக்கு ஆறு மதிப்பெண்.

ஜனவரி 8, திங்கள்

காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளர் அறைக்குப் போய், ஏழாம் எண் நாற்காலியில் என் பச்சைத் துண்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கேன்டீனுக்குப் போனேன்.

அந்த அறையில் பன்னிரண்டு மேசைகள். ஏழாவது ஜன்னலோரம். அதற்கு நேர் மேலே இருக்கும் மின்விசிறி மட்டும்தான் ஒழுங்காகச் சுற்றும். அந்த இடத்தை இரண்டு வருடங்களுக்கு முன் துண்டு போட்டுப் பிடித்தேன். அங்கே உட்கார்ந்தால் எனக்கு எழுத்து வருவதில்லை, அதனால் உட்காருவதில்லை. ஆனால் இடம் முக்கியம்.

வராந்தாவில் ஒரு பெண் ஜன்னல் திட்டில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நின்றபடியே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பெயர் சுடர்க்கொடி, நாமக்கல்காரி. தகுதித் தேர்வில் தேறிவிட்டு எங்கள் பேராசிரியரிடம் ஆய்வில் சேரக் காத்திருக்கிறாளாம். கோழிப்பண்ணையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறாளாம்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? நீங்க எப்பங்க முடிப்பீங்க?"

"கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சும்மா."

"போன ஜூன்லயும் இதையேதாங்க சொன்னீங்க" என்றாள். பணிவாகத்தான் சொன்னாள், அதனால் திட்டவும் வழியில்லை.

ஜனவரி 11, வியாழன்

என் வழிகாட்டி பேராசிரியர் அருமைநாதன் கூப்பிட்டனுப்பினார். மனிதர் யாரையும் அதட்ட மாட்டார். அதுதான் அவரிடம் இருக்கும் ஒரே தொல்லை.

"தில்லைநாயகி, ஒரு பேராசிரியர் எட்டுப் பேரத்தான் வெச்சுக்க முடியும். உங்களோட சேத்து எங்கிட்ட எட்டு. ஒம்பதாவதா அந்தப் பொண்ணு ஒரு வருஷமா நிக்குது. பிப்ரவரி பதினஞ்சு உங்க முன்வைப்புக் கூட்டம். குழு சரின்னாத்தான் ஆய்வேட்டக் குடுக்க முடியும். கடைசி இயல் எங்க?"

"சார், கிட்டத்தட்ட..."

"பாத்துக்கலாம்மா" என்றார். அந்தக் குரலில் அவர் எதையும் பார்த்துக்கொள்ளப் போவதாகத் தெரியவில்லை.

மாலையில் உட்கார்ந்து கடைசி இயலுக்குத் தலைப்பு வைத்தேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஊருக்குப் போகவில்லை. அம்மா தொலைபேசியில் சிதம்பரத்தில் மழை என்றாள். முடித்துவிட்டாயா என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அதாவது, வைத்துவிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

கடைசி இயலின் தலைப்பை மாற்றினேன். எழுத்துருவையும் மாற்றினேன்.

ஒரு விசித்திரம். ஏழாம் எண் நாற்காலியில் என் துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் எப்போதும் எறிந்துவிட்டுத்தான் போவேன். எடுத்து முகர்ந்தேன், சோப்பு வாசனை. யாரோ என் துண்டைத் துவைத்திருக்கிறார்கள். மேசையிலும் தூசி இல்லை. இரண்டு வருடத் தூசியை எனக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். எல்லோரும் திடீரென்று மும்முரமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜனவரி 24, புதன்

நான் செய்த காரியத்தை நான்தான் எழுத வேண்டும்.

இன்று இரண்டு நண்பர்களுக்குத் தேர்வு. காலையில் விலங்கியல் காசிம், சாணி வண்டுகள் மண்ணை எப்படி வளப்படுத்துகின்றன என்ற ஆய்வு. பிற்பகல் இசைத்துறை மெர்லின். விடுதி மின்விசிறிகளின் சத்தங்களை இரண்டு வருடம் பதிவு செய்து, ஒரு மணி நேர இசையாக்கியிருக்கிறாள். இருவருக்கும் கேள்விகளை எழுதி இரண்டு பழுப்பு உறைகளில் போட்டேன். உறைகளின் மேல் பெயர் எழுதவில்லை. அன்றைக்கு எழுத்துரு வேலை இருந்தது.

காலையில் தேர்வாளர், "அவையிலிருந்து?" என்றார். கணிதத் துறைப் பையன் எழுந்து தாளைப் பிரித்து, கணீரென்று வாசித்தான்: "உங்கள் படைப்பில் மௌனத்துக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறீர்கள்?"

சாணி வண்டுக்காரன் விழித்தான். நான் பெட்டியிலிருந்த பால்கோவாவைப் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

பிறகு காசிம் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். "சார், இதை நான் ஆய்வேட்டுல எழுதலை. சில வண்டுகள் உடம்ப உரசிச் சத்தம் எழுப்பும். குழிக்குள்ள ரெண்டு வண்டு இருந்தா கேக்கும். ஒண்ணு செத்துட்டா, மிச்சம் இருக்குறது கொஞ்ச நேரம் சத்தம் போட்டுப் பாத்துட்டு நிறுத்திடும். நான் கேட்டிருக்கேன். மண்ணப் பத்தின ஆய்வுங்கறதால விட்டுட்டேன்." தேர்வாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். "இருபது வருஷத்துல முதல் தடவையா யாரோ நிஜமான கேள்வி கேட்டிருக்காங்க" என்று அந்தக் கணிதப் பையனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

பிற்பகல் மெர்லினிடம் ஒருத்தி எழுந்து, "இது மண்வளத்தை எந்த அளவுக்கு மேம்படுத்தும்?" என்று கேட்டாள்.

மெர்லின் சிரித்துவிட்டாள். "மண்ணு தெரியல மேடம். பதிவு பண்றப்ப தூசிதான் தலைமேல கொட்டுச்சு." அரங்கமே சிரித்தது. இருவரும் டாக்டர் ஆகிவிட்டார்கள்.

பால்கோவா: பத்துக்கு ஒன்பது. விழுங்கத்தான் முடியவில்லை.

ஜனவரி 29, திங்கள்

கேன்டீனில் காசிமும் மெர்லினும் வந்து உட்கார்ந்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று போண்டாவை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன்.

"தில்லைக்கா, நீங்க உறைய மாத்திக் குடுத்ததுதான் என் ஆறு வருஷத்துலயே நல்ல விஷயம்" என்றான் காசிம். மார்ச் மாதம் அவனுக்குப் பெங்களூருவில் வேலை. மெர்லின் சென்னைக்குப் போகிறாள்.

"அப்ப உன் கூட்டத்துக்கும் யாராச்சும் மாத்திக் கேக்கட்டுமா?" என்றாள் மெர்லின்.

"செருப்பு பிஞ்சிடும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவர்களும் போனால் நாற்பதாவது டாக்டருக்குக் கேள்வி எழுத வேண்டியதுதான். எத்தனை பேரை வழியனுப்பிவிட்டேன். போண்டாவுக்கு மதிப்பெண் போடும் மனநிலை இல்லை.

பிப்ரவரி 5, திங்கள்

என் கூட்டத்துக்கு மூன்று கேள்விகள் எழுதினேன். முதல் கேள்வி, துண்டின் நிறத்துக்கும் மரியாதைக்கும் தொடர்பு உண்டா? இரண்டாவது, பெண்கள் கைக்குட்டை போடுவதற்கும் ஆண்கள் துண்டு போடுவதற்கும் வேறுபாடு என்ன? மூன்றாவது, ரயிலில் இந்த வழக்கம் ஏன் குறைவு? மூன்றுக்கும் பிரமாதமான பதில்கள் கைவசம் உண்டு. கடைசி இயலைப் பற்றி யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டேன். கேள்வி எழுதுவதில் எனக்கு நிகர் நான்தான்.

காசிமுக்கு ஒரு தாள், மெர்லினுக்கு ஒன்று. மூன்றாவதை, போனால் போகிறதென்று சுடர்க்கொடியிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

துண்டைத் துவைப்பது யார் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

வழக்கமாகப் போகாத நேரத்தில், மதியம் மூன்று மணிக்கு, கதவிடுக்கில் பார்த்தேன். ஏழாம் எண் மேசையில் சுடர்க்கொடி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பச்சைத் துண்டு மடித்தபடி மேசை ஓரத்தில் இருந்தது. வராந்தாவில் யாரோ வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து, துண்டை நாற்காலியில் வைத்துவிட்டு, மடிக்கணினியோடு ஓரமாகப் போய் நின்றாள். வந்தவர் நானில்லை என்று தெரிந்ததும் திரும்ப உட்கார்ந்தாள். அறையில் யாரும் தலை நிமிரவில்லை, எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது போல.

உள்ளே போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். எனக்கு எப்படியோ கேன்டீன் வரை கால் போய்விட்டது.

பிப்ரவரி 15, வியாழன்

பதினோரு மணிக்குக் கூட்டம். பேராசிரியர் அருமைநாதன், வரலாற்றுத் துறைப் பேராசிரியர் அம்மா ஒருவர், அவையில் இருபது பேர். என் செலவில் ஸ்நாக்ஸ் பெட்டி: லட்டு, கட்லெட், முறுக்கு. எட்டு மதிப்பெண் தாராளமாகப் போடலாம்.

நாற்பது நிமிடம் பேசினேன். ஐந்து இயல்களை ஆறு போலக் காட்டிப் பேசுவது ஒரு கலை. "அவையிலிருந்து?" என்றார் சார்.

காசிம் எழுந்தான். தாளைப் பிரித்தான். பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"துண்டு போட்டவரு வரவே இல்லன்னா, அந்த இடம் எவ்வளவு நேரத்துக்கு அவருது?"

நான் எழுதாத கேள்வி. பதறவில்லை. "நல்ல கேள்வி. அது என் ஆய்வின் எல்லைக்கு வெளியே வருகிறது" என்றேன்.

மெர்லின் எழுந்தாள். அவளும் தாளைப் பையில் போட்டாள். "அதே கேள்விதான் எனக்கும். ஆளு வரலன்னா?"

"அது மேற்கொண்டு ஆய்வு செய்யப்பட வேண்டிய பகுதி" என்றேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த வரிசை முழுக்க நான் டாக்டர் ஆக்கியவர்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த இரண்டு வாக்கியங்கள் தெரியும். மூன்றாவது வாக்கியம் என்னிடம் இல்லை என்பதும் தெரியும்.

சுடர்க்கொடி எழுந்தாள். நான் கொடுத்த தாளை அவள் பிரிக்கவே இல்லை.

"அக்கா, துண்டு போட்டவங்க வரலீன்னா, நின்னுட்டு இருக்கறவங்க என்னங்க பண்றது?"

அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம்தான். காது வரை சுட்டது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "இருநூத்திப் பதினாலு பேர்ல ஒருத்தர்கிட்டகூட நான் இதைக் கேக்கல. கேட்டிருக்கணும். கேட்டா என்ன சொல்வாங்கன்னு தெரிஞ்சதாலதான் கேக்கல."

வரலாற்றுப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆறாவது இயல் எங்கம்மா?"

"தலைப்பு மட்டும் இருக்கு மேடம்."

"அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில்தான் ஆறாவது இயல். அத எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா போடமாட்டேன்." பிறகு லட்டைக் கடித்துக்கொண்டு, "பதினாலு நாள் இருக்கு" என்றார்.

வெளியே வந்ததும் காசிமையும் மெர்லினையும் பிடித்தேன். "யாரோட கேள்விடா அது?"

"கேள்வி சுடரோடது. தைரியம் எங்களுது" என்றாள் மெர்லின். "நீ முப்பத்தொம்பது பேர வெளிய அனுப்பிட்ட. ஒன்னய யாரு அனுப்பறது?"

கழிப்பறைக்குப் போய் அழுதேன். நாட்குறிப்பில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. முடித்துவிட்டால் விடுதி அறை கிடையாது, கேன்டீன் கிடையாது. நீ யார் என்று கேட்டால் ஆய்வாளர் என்று சொல்ல முடியாது. ஐந்தாவது இயலோடு நான் நிறுத்திக்கொண்டது பயத்தினால்தான்.

பிப்ரவரி 16, வெள்ளி

பழைய பேட்டி ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். எண் 163, மன்னார்குடிப் பேருந்து நிலையம், மீன் கூடைக்காரர் அஞ்சலை. நான் துண்டின் நிறத்தைப் பற்றிக் கேட்கிறேன். அவர் வேறு எதையோ சொல்கிறார்:

"துண்டு கெடந்தா நான் எடுத்து மடில வச்சிக்கிட்டு உக்காந்துக்குவேன் பாப்பா. ஆளு வந்தா எந்திரிச்சிக் குடுத்துருவேன். அதுவரைக்கும் எடம் எதுக்குச் சும்மா போவணும்? துண்டுக்கா கால் வலிக்குது?"

அதற்குப் பிறகு என் குரல்: "சரிங்கம்மா, அடுத்த கேள்வி." நான்கு வருடங்களுக்கு முன்னால் பதில் என் கையில் வந்து விழுந்திருக்கிறது. நான் அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையிலிருந்து பேருந்து நிலையத்தில். பதினேழு பேட்டிகள். கூடவே சுடர்க்கொடி. நான்தான் கூப்பிட்டேன். அவள் கேட்டால் ஜனங்கள் கடகடவென்று சொல்லிவிடுகிறார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஒரு நடத்துநர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "ரெண்டாவது விசில் வரைக்கும்தாம்மா துண்டுக்கு மரியாத. அதுக்கப்புறம் அது வெறும் துணி."

எனக்கு எத்தனை விசில் அடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். சார் மட்டுமே நான்கு.

பிப்ரவரி 23, வெள்ளி

இருபத்திரண்டு பக்கம். எழுத்துருவைத் தொடவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

புவியியல் துறையிலிருந்து ஒருவன் கேள்வி எழுதித் தரச் சொல்லி வந்தான். நேரமில்லை, வருகிற கேள்விக்குப் பதில் சொல்லு என்று விரட்டிவிட்டேன். பாவம், முகம் வெளுத்துவிட்டது.

பிப்ரவரி 27, செவ்வாய்

வரலாற்றுப் பேராசிரியர் ஆறாவது இயலை வராந்தாவில் நின்றபடியே படித்தார். அஞ்சலையின் பேச்சு வந்த பக்கத்தில் நின்று, திரும்ப ஒருமுறை படித்தார். கையெழுத்துப் போட்டார். "அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லியிருக்கியா?" என்றார். நன்றியுரையில் முதல் பெயரே அதுதான், இரண்டாவது சுடர்க்கொடி. சாருடைய பெயர் மூன்றாவதாகப் போய்விட்டது, அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

பிப்ரவரி 29, வியாழன்

பிற்பகல் நான்கு பத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஐந்து பிரதிகள். அலுவலகத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் அம்பது நிமிஷம் இருக்கேம்மா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார்.

கூடவே ஒரு படிவம். நூலகம், விடுதி, எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசிக் கட்டத்தில், "ஆய்வாளர் அறை இருக்கை ஒப்படைக்கப்பட்டது." அங்கே போனேன்.

சுடர்க்கொடி ஏழாம் எண் நாற்காலியில் இருந்தாள். இந்த முறை காலடிச் சத்தத்தை அவள் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, துண்டை எடுத்து நாற்காலியில் வைக்கப் போனாள்.

"அக்கா, சும்மா ஒரு நிமிஷந்தாங்க..."

"எத்தனை மாசமா இந்த ஒரு நிமிஷம்?"

"ஆகஸ்டுல இருந்துங்க."

"உக்காரு."

"பரவால்லைங்க."

"அடியே, உக்காரும்மா. நான் வந்துட்டேன், பாத்துட்டேன், போறேன். சார் உனக்குப் பதிவுக் கடிதம் தயார் பண்ணிட்டாரு."

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். மேலே மின்விசிறி கடகடத்தது. அந்தச் சத்தம் மெர்லினின் இசையில் பதினான்காம் நிமிடத்தில் வரும்.

பச்சைத் துண்டை என்னிடம் நீட்டினாள். துவைத்து, மடித்து, சோப்பு வாசனையோடு. இவ்வளவு சுத்தமாக அதை நான் ஒருநாளும் வைத்திருந்ததில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

நாளைக்குக் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நேர்முகம். அங்கே யாரும் எனக்குத் தாள் மடித்துத் தரமாட்டார்கள். ஆனாலும் கிளம்பிவிட்டேன். காசிமும் மெர்லினும் பேருந்து நிலையம் வரை வந்து, ஒரு ஸ்நாக்ஸ் பெட்டியைக் கையில் திணித்தார்கள். இன்னும் திறக்கவில்லை.

கும்பகோணம் பேருந்து வந்து நிற்பதற்குள் கூட்டம் மொய்த்துக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பச்சைத் துண்டை எறிந்தேன். மூன்றாவது வரிசை, ஓர இருக்கை. முண்டியடித்து ஏறினேன். புடவைத் தலைப்பு யார் பையிலோ மாட்டியது, செருப்பை யாரோ மிதித்தார்கள், நான் நிற்கவில்லை. முதல் விசிலுக்கே போய்ச் சேர்ந்து, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து இருக்கை அம்மா என்னையும் துண்டையும் பார்த்தார்.

"யாருக்கும்மா எடம் போட்ட?"

"எனக்குத்தாங்க" என்றேன்.